கேமரா ஒப்பிடும்போது கோட்டைவிடும் இடங்கள்

டியூப்லைட் வெளிச்சத்தில் வீட்டுக்குள் ஓடி விளையாடும் குழந்தையை எடுத்தால், படம் கலங்கலாக, புள்ளி புள்ளியாக வருகிறது. உடனே பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) பழசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் புது பாடி வாங்கி, பழைய கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸையே அதில் மாட்டினேன். படத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

அந்த லென்ஸின் துளை 55 மி.மீ.யில் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது என்பதுதான் காரணம் (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்). 1/125 நொடி ஷட்டர் வேகத்துக்கு அதில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளிகளும் கூடும்) 6400 தேவைப்படும் இடத்தில், 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை எஃப்/2-ல் வைத்தால் ஐஎஸ்ஓ 800 போதும். எட்டு மடங்கு வெளிச்சம்! ஃபோகஸ் ஆழம் (தெளிவாகத் தெரியும் தூர அளவு) குறையும், அதனால் கண்ணில் சரியாக ஃபோகஸ் வைக்க வேண்டும். என்றாலும் பாடிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் லென்ஸுக்குத் திருப்புங்கள் என்றே சொல்வேன்.

சரி, அதே 50 மி.மீ.யை எல்லா பாடியிலும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார், லென்ஸ் தரும் படத்தின் நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நிக்கான், சோனியில் ஃபுல் ஃபிரேமின் 75 மி.மீ. போலவும், கேனானில் 80 மி.மீ. போலவும் பார்வை குறுகிவிடும். சின்ன அறையில் சுவரோடு ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுக்க உள்ளே வராது. அங்கே 35 மி.மீ. பொருந்தும்.

24 மெகாபிக்சல் படத்தையும் 45 மெகாபிக்சல் படத்தையும் திரையில் 100% பெரிதாக்கி ஒப்பிடுவதும் நியாயமில்லை. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஏ4 தாளில் 300 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிடவே 9 மெகாபிக்சலுக்குள்தான் தேவை. ஜேபெக் நிறத்தை வைத்தும் லென்ஸை எடைபோட வேண்டாம், அது பெரும்பாலும் கேமராவின் செட்டிங் தரும் நிறம்.

அப்புறம் மவுண்ட், அதாவது லென்ஸ் பாடியில் பொருந்தும் இடம். நிக்கான் டி3500, டி5600 பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாடியின் மோட்டாரை நம்பும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேனானின் டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் வகையான ஆர்எஃப் பாடியில் மாட்டலாம், ஆனால் ஆர்எஃப் லென்ஸ் இஎஃப் பாடியில் ஏறாது. கடைக்குப் போகும்போது உங்கள் பாடியையும் எடுத்துச் செல்லுங்கள். மாட்டி, நாலு படம் எடுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.