மலையில் லேக் அடித்தால் டீம்மேட்டைத் திட்டாதீர்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியில் ஆன்லைன் கேமில் ரேங்க் ஏற்ற உட்காருபவர்களுக்கு எதிரி இரண்டு. ஒன்று திரைக்குள்ளே இருக்கிறது. இன்னொன்று மின்கம்பி மேல் சாயக் காத்திருக்கும் கற்பூர மரம். மரத்தின் மேல் வர வேண்டிய கோபம் மைக்கில் மாட்டிய அப்பாவி மேல் கொட்டுகிறது. கேம் ஆடும்போது மனசு கெட்டுப்போவதற்கு இதுவே முதல் காரணம்.

லைன் சரியில்லாதபோது ரேங்க் மேட்ச் ஆடுவது

முதலில் சுட்டது நீங்கள், செத்ததும் நீங்கள். "ஹேக்கர்டா" என்று கத்துவதற்கு முன் திரையில் பிங் எண்ணைப் பாருங்கள். உங்கள் தகவல் சர்வருக்குப் போய்வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதுதான் அது. யார் முதலில் சுட்டார் என்று தீர்மானிப்பது உங்கள் போனோ கம்ப்யூட்டரோ அல்ல, கேமை நடத்தும் சர்வர். வேலரன்ட் என்ற கம்ப்யூட்டர் ஷூட்டிங் கேமுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. உதகையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 950 கி.மீ. ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும் என்பதால், போய்வர ஏறக்குறைய 10 மில்லிசெகண்டாவது ஆகியே தீரும். கேபிள் நேராகப் போவதில்லை, நடுவே பல ரூட்டர்கள் வேறு. ஆகவே 40, 60 வந்தாலே நல்ல லைன்.

நிலையாக 90 இருந்தால்கூட கை பழகிவிடும். 40-க்கும் 180-க்கும் நடுவே குதிக்கும் பிங்கில்தான் ஆட முடியாது. ரேங்க் மேட்சுக்கு முன் டிரெய்னிங் கிரவுண்டில் இரண்டு நிமிடம் நின்று எண்ணை மட்டும் கவனியுங்கள். ஏற்ற இறக்கம் 40-ஐத் தாண்டினால் அன்றைக்கு டிடிஎம் எனும் குட்டி அணி ஆட்டம் போதும்.

பழியை மூடுபனி மேல் போடுவதும் வழக்கம். வைஃபை, 4ஜி சிக்னலைப் பனிமூட்டம் பெரிதாகப் பாதிப்பதில்லை. அடைமழை வேறு விஷயம்: ஃபைபர் போகாத டவர்கள் மைக்ரோவேவ் வழியாக இன்னொரு டவரோடு பேசும், அந்த இணைப்பைக் கனமழை பலவீனப்படுத்தும். ஆனால் பல நாள் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருப்பான். அம்மாவின் போன் அன்றைய போட்டோக்களை எல்லாம் தானாக பேக்கப் ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு நிரம்பியதும் 50-ல் இருந்த பிங் 300-க்குப் போகும். பழைய கல் கட்டடங்களின் தடித்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது. கதவோரமாக ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

கரண்ட் போனாலும் லைன் நிற்காமல் இருக்க, ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்குங்கள். வாங்குமுன் ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலது 9. மாற்றிப் போட்டால் ரூட்டர் கெட்டுப்போகலாம். தெருவில் இருக்கும் ஆபரேட்டர் பெட்டிக்கும் கரண்ட் போனால் இதுவும் உதவாது. அப்போது மொபைல் டேட்டாவில் "கரண்ட் போச்சு" என்று குழுவுக்கு ஒரு வரி அனுப்புங்கள். காரணம் தெரியாமல் ஐவர் அணியில் நால்வராக நின்று தோற்கிறவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது. நம் ஆள் ஒருவன் திடீரென்று காணாமல் போனாலும் அதே காரணமாக இருக்கலாம், "ஓடிட்டான்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

தோல்வியைத் தப்பாக எண்ணுவது

ஐந்துக்கு ஐந்து ஆட்டங்களில் மேட்ச்மேக்கிங், உங்கள் திறமைக்குச் சமமான ஆட்களைத் தேடித்தான் எதிரே நிறுத்துகிறது. ஆகவே பாதி ஆட்டம் தோற்பது இயல்பு. ஜெயிக்கவும் தோற்கவும் சம வாய்ப்பு என்றால், பத்து ஆட்டத்துக்குள் தொடர்ந்து மூன்று தோல்வி வருவதற்கு ஏறக்குறைய 51 சதவீத வாய்ப்பு. காசைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். பிஜிஎம்ஐ என்ற போன் ஷூட்டிங் கேமில் நான்கு பேர் கொண்ட ஸ்குவாடாக இறங்கினால் கணக்கு இன்னும் கடுமை. 25 அணி இறங்கினால் ஒன்றுதான் ஜெயிக்கும். சராசரி ஸ்குவாட் 24 முறை தோற்று ஒரு முறை சிக்கன் டின்னர் (அந்த கேமில் ஜெயிப்பதற்கு அதுதான் பெயர்) சாப்பிடும்.

இதைப் புரிந்துகொண்டாலும் உடம்பு கேட்காது. தாடை இறுகும், ரிசல்ட் திரையைப் பார்க்காமலே அடுத்த மேட்ச் பட்டனைக் கை அழுத்தும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று வாய் சொல்லும். டில்ட் ஆனவனின், அதாவது தோற்ற கோபத்தில் நிதானம் இழந்தவனின், அடையாளம் இது. இரண்டு தோல்விக்குப் பின் பத்து நிமிடம் எழுந்து வெளியே போவது என்று ஆட ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தோற்ற சூட்டில் எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னொரு மேட்ச்"தான்.

மைக்

"என்னடா பண்ற" என்பதில் தகவல் எதுவும் இல்லை. "240-ல ரெண்டு பேர், பாறைக்குப் பின்னாடி" என்பதில் திசை, எண்ணிக்கை, இடம் மூன்றும் இருக்கின்றன. கூடலூர்ப் பக்கத்து ஸ்குவாடில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும், ராண்டமாக வருபவர் இந்திதான் பேசுவார். திசைகாட்டி எண்ணை "டூ ஃபார்ட்டி" என்றால் எல்லோருக்கும் புரியும். செத்தவர் வாயை மூடிக்கொள்வது நல்லது. உயிரோடு இருப்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.

சாதியையோ ஊரையோ சொல்லித் திட்டுகிறவனுக்குப் பதில் கொடுக்காதீர்கள். மியூட் செய்யுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மேட்ச் முடிந்ததும் ரிப்போர்ட். யுசி (பிஜிஎம்ஐக்குள் செலவழிக்கும் காசு) வாங்கித் தருகிறேன் என்று பணம் பிடுங்கினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

குளிரும் கரியும்

டிசம்பர், ஜனவரி உறைபனியில் விரல் விறைத்தால் குறி தப்பும். அதைத் திறமைக் குறைவு என்று நினைத்து நொந்துகொள்பவர்கள் உண்டு. ஐந்து நிமிடம் வெந்நீரில் கை வைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். (கீழே கோவையில் மே மாத வெயிலில் போன் கொதித்து ஃபிரேம் விழுவது நமக்கு இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.)

ஆனால் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரிக் கணப்பு வைத்து ஆடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, எரிச்சல், அசதி என்று தொடங்கும். ராத்திரி முழுக்க ஆடிய களைப்பு என்று தோன்றும். அப்படியே தூங்கினால் உயிர் போகும். ஸ்வெட்டரும் கம்பளியும் போதும்.

பெற்றோர் செய்யும் ஒரு தவறு

பத்து மணி ஆனதும் ரூட்டரைப் பிடுங்குவது. ஒரு வேலரன்ட் மேட்ச் 40 நிமிடம் வரை இழுக்கும், நடுவில் விட்டால் தண்டனை உண்டு, மற்ற நால்வரும் மாட்டிக்கொள்வார்கள். "பத்து மணிக்கு நிறுத்து" என்பதை "9.20-க்கு மேல் புது மேட்ச் கிடையாது" என்று மாற்றிச் சொல்லுங்கள். பள்ளி, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் கேம் தள்ளிக்கொண்டு போய், நிறுத்தவே முடியாமல், அது மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால் அது வேறு பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதற்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.