கட்டிங் வேஸ்ட்டை ஒரே மூட்டையில் கட்டாதீங்க

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி நடத்துபவர்கள், கட்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள். வெட்டி முடித்ததும் துணித்துண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி மூட்டை கட்டாமல், மேஜைக்குப் பக்கத்திலேயே தனித்தனி சாக்கு வைத்து, வெள்ளை ஒன்றில், கலர் அந்தந்த நிறப்படி, லைக்ரா (இழுபடும் செயற்கை இழை) கலந்தது வேறொன்றில் என்று அப்போதே போட்டுவிடச் சொல்லுங்கள். அப்புறம் பிரிக்கலாம் என்று விட்டால் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

சுத்தமான பருத்தித் துண்டைத்தான் மில்லில் பிய்த்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் என்கிற, குட்டை இழைக்கும் ஒத்துவரும் நூற்பு முறையில் திரும்ப நூலாக்குகிறார்கள். இழை குட்டையாகிவிடுவதால் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ சேர்ப்பார்கள். நிறம் பிரித்திருந்தால் அதே நிறத்தில் நூல் வந்துவிடும், மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த ஊருக்கு இது சின்ன விஷயமே இல்லை. லைக்ரா கலந்தால்தான் தொல்லை, ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு சரியாகப் பிரியாது.

எண்ணெய் பட்ட துண்டு, டேப், ஸ்டிக்கர், உடைந்த ஊசி எதுவும் அந்தச் சாக்குகளில் விழக் கூடாது. தரையில் கொட்டி அள்ளுவதையும் நிறுத்துங்கள். விலை பேசும்போது பிரித்த மூட்டைக்குத் தனி ரேட் கேளுங்கள், வெள்ளைக்குக் கண்டிப்பாகக் கூடுதலாகக் கிடைக்கும்.