சிசேரியனுக்குப் பிறகு பயணமா? பேபி கேரியர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையை உடம்போடு கட்டிச் சுமக்கிற பேபி கேரியர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "பிள்ளைக்கு வசதியா இருக்குமா?" என்றுதான். சரியான கேள்விதான். ஆனால் சிசேரியன் ஆன பெண்ணுக்கு வாங்குகிறோம் என்றால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும். இதன் இடுப்புப் பட்டை தையலை விட்டு மேலே நிற்குமா, தையல் மீதே உட்காருமா? நான் பார்த்தவரை இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான். அகில இந்திய அளவில் 21.5 சதவீதம். அப்படியென்றால் நம் பக்கம் கேரியர் மாட்டுகிற அம்மாக்களில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அடிவயிற்றில் தையல் போட்டவர்கள். விளம்பரப் படத்தில் கேரியர் மாட்டிக்கொண்டு சிரிக்கும் பெண்ணின் வயிற்றைப் பார்த்தால் பிள்ளை பெற்றவள் மாதிரியே தெரியாது. அந்தப் படத்தை வைத்து முடிவெடுப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

செட்டிநாட்டில் பயணத்தைத் தவிர்க்கவும் முடியாது. பிரசவம் தாய்வீட்டில், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ. மாப்பிள்ளைக்கு வேலை சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு கிளம்பித்தான் ஆக வேண்டும். அதற்குள் பிள்ளையார்பட்டிக்கு ஒரு நடை, குலதெய்வத்துக்கு ஒரு நடை, தட்ட முடியாத ஒரு கல்யாணம்.

பிள்ளை பிறக்கும் முன்பே வாங்கிவிடுவது

"பிறக்கிறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாது ஆத்தா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சாஸ்திரத்துக்காக. கேரியர் விஷயத்தில் அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கிளிப் மாட்டுகிற வகைக் கேரியர் பலவற்றில் குறைந்தபட்ச எடை 3.2 கிலோ, 3.5 கிலோ என்று போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் பிறக்கிறார்கள். "பிறந்த நாள் முதல்" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும், அடியில் சின்ன எழுத்தில் எடை இருக்கும். படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். சிங்கப்பூரிலிருந்து சித்தி வாங்கி அனுப்பியது என்றாலும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

எடை குறைந்த, குறைமாதப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பை போல் தொங்கும் ஸ்லிங் வகையில் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுத் திணறும் ஆபத்து இருக்கிறது என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010இல் எச்சரித்தது. காரணம் எளிது. தலை நிற்காத பிள்ளை பைக்குள் வளைந்து கிடந்தால் மோவாய் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும், மூச்சுக்குழாய் மடங்கும். திணறுகிற பிள்ளை அழாது என்பதுதான் பயமான விஷயம். உங்கள் பிள்ளை சின்னப் பிள்ளை என்றால் குழந்தை டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாட்ட வேண்டாம்.

இடுப்புப் பட்டையைத் தாழ்த்திக் கட்டுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிசேரியன் தையல் பெரும்பாலும் அடிவயிற்றின் கீழ்க்கோடியில், உள்பாவாடை நாடா கட்டும் இடத்துக்கும் கீழே, குறுக்காக இருக்கும். வெளியே தெரியும் கோடு சில வாரத்தில் ஆறிவிடும். ஆனால் உள்ளே கர்ப்பப்பை, அதன் மேல் சதைகளைச் சூழ்ந்த உறை என்று அடுக்கடுக்காக அறுத்துத் தைத்திருக்கிறார்கள். அவை ஆறக் காலம் பிடிக்கும். முதல் ஆறு வாரம் பிள்ளையின் எடையைத் தாண்டி எதையும் தூக்காதே என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

கேரியரின் இடுப்புப் பட்டையை ஜீன்ஸ் பெல்ட் போல இடுப்பெலும்பில் கட்டினால் அதன் அகலமான பஞ்சுப் பகுதி நேராகத் தையல் மேல் வந்து உட்காரும். நிற்கும்போது தெரியாது. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் வயிறு மடியும், பட்டையின் கீழ்விளிம்பு உள்ளே குத்தும். ஒரு மணி நேரத்தில் இடம் சிவந்து, வேர்த்து, எரிய ஆரம்பிக்கும். தொப்பை மடிப்புக்குள் ஈரம் தங்குவது ஆறிக்கொண்டிருக்கும் தையலுக்கு ஆகவே ஆகாது.

பட்டையை மேலே, தொப்புளுக்கு மேல், விலா எலும்புக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள். கைக்குழந்தைக்கு அதுதான் சரியான உயரமும்கூட. பிள்ளை நெஞ்சோடு ஒட்டி, குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்கும். ஆகவே கடையில் கேரியரை மாட்டி நின்று மட்டும் பார்க்காதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தபோது பட்டை கீழே இறங்கினால் அது உங்களுக்கானது இல்லை.

இன்னொன்று. நம் பக்கம் வயிற்றுக்குத் துணி கட்டுவது உண்டு. இப்போது அதற்குப் பதில் ஆஸ்பத்திரியிலேயே ஒட்டுப் பட்டை கொடுத்துவிடுகிறார்கள். அதன் மேல் கேரியர் பட்டையையும் இறுக்கினால் இரண்டு இறுக்கம். மேல் பட்டை வழுக்கும், கீழ்ப் பட்டை சுருளும். கேரியர் மாட்டும் நேரத்தில் வயிற்றுக் கட்டை அவிழ்த்துவிடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகுக்குப் பின்னால் கிளிப் மாட்டுகிற வகையும் இவர்களுக்குத் தொல்லைதான். கையைப் பின்னால் வளைத்து, உடம்பை முறுக்கி, தோளுக்கு நடுவே அந்தக் கிளிப்பைத் தேடும்போது வயிற்றுச் சதை இழுபடும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லலாம், ரயிலில் யாரைக் கூப்பிடுவது? தோள்பட்டை முதுகில் குறுக்காகப் போய் இடுப்பின் பக்கவாட்டில் கிளிப் மாட்டுகிற மாதிரி கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.

வீட்டில் ஒத்திகை பார்க்க மூன்று கிலோ அரிசிப் பை போதும். அதை வைத்து மாட்டி, கழற்றி, உட்கார்ந்து, எழுந்து பழகியபின் பிள்ளையை வையுங்கள்.

உட்காரும் பலகை வைத்த மாதிரி

இடுப்பில் சின்னத் திண்ணை போல ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும், ஹிப் சீட் என்பார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்தே பழகிய நமக்குப் பார்த்ததும் பிடித்துவிடும். பிள்ளையின் முழு எடையும் அந்தப் பலகையில் இறங்கி, பலகையின் அடிப்பகுதி உங்கள் அடிவயிற்றை அழுத்தும். சிசேரியன் ஆனவர்களுக்கு முதல் மாதங்களில் இது வேண்டவே வேண்டாம். பிள்ளை தானாக உட்காருகிற வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒற்றைத் தோளும் சேலையும்

வளையம் வைத்த ரிங் ஸ்லிங்கில் இடுப்புப் பட்டையே கிடையாது. தையலுக்கு அந்த வகையில் நிம்மதி. ஆனால் எடை முழுக்க ஒரு தோளில். வயிற்றுச் சதை தளர்ந்திருக்கும் காலத்தில் ஒரு பக்கமாகச் சுமந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள், கோயில் பிராகாரத்தில், அரை மணி நேரத்துக்குச் சரி. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இது போதாது.

"எதுக்கு ஆயிரக்கணக்குல காசு, கண்டாங்கிச் சேலை இருக்கே" என்று ஆயாக்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி நல்ல பருத்தி, இழுத்தால் நீளாது. நீளத்தைப் பார்த்தால், வெளிநாட்டில் விற்கும் நெய்த கட்டுத்துணியைவிட ஐந்தரை மீட்டர்ச் சேலை கூடுதலாகவே இருக்கும். சுமை இரண்டு தோளுக்கும் முதுகுக்கும் பரவும்படி கட்டத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தால் தையலைத் தொடாமல் கட்ட முடியும். சிக்கல் எங்கே என்றால், பழக்கத்தில் நாம் சேலையைத் தூளியாகக் கட்டிவிடுகிறோம். தூளி விட்டத்தில் தொங்க வேண்டியது. அதே பை வடிவத்தில் உடம்பில் தொங்கவிட்டால் மேலே சொன்ன மோவாய் ஆபத்து அப்படியே வரும். நைந்த சேலை, பட்டு, வழுக்கும் பாலியஸ்டர் எதுவும் ஆகாது. முடிச்சு அடிவயிற்றுக்கு நேராக வரக் கூடாது. வீடியோவைப் பார்த்து, பிள்ளையை வைத்து, பயணத்தன்று முதன்முதலாக முயற்சி செய்வதென்றால் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள்.

காலைக் கவனிக்காமல் விடுவது

பிள்ளை கேரியரில் இருக்கும்போது தொடை இரண்டும் விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தவளை உட்காருவது போல. குறுகலான அடிப்பகுதி உள்ள கேரியரில் கால் இரண்டும் நேராகத் தொங்கும், அது இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. பிள்ளை குண்டி முதலில் வருகிற நிலையில் இருந்ததால்தான் சிசேரியன் செய்தார்கள் என்றால் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள். அப்படி இருந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். வாங்கும்போது அடித்துணி ஒரு முழங்காலின் பின்மடிப்பிலிருந்து மறு முழங்காலின் பின்மடிப்பு வரை தாங்குகிறதா என்று பாருங்கள். அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி என்றால் இன்னும் நல்லது.

வெளியே பார்த்தபடி பிள்ளையை மாட்டுவது தலை நன்றாக நின்ற பிறகு, ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு. ஊரைப் பார்க்கப் பிள்ளைக்கு இப்போது அவசரம் ஒன்றுமில்லை.

வெயிலை மறப்பது

மூன்று சுற்றுச் சுற்றுகிற நீளும் துணி மென்மையாக இருக்கும், தையலையும் அழுத்தாது. ஆனால் சித்திரை வெயிலில் மானகிரி பஸ் நிறுத்தத்தில் அதோடு ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். அம்மா சூடு, பிள்ளை சூடு, மூன்று அடுக்குத் துணி. நம் ஊருக்கு வலைத்துணி வைத்ததோ, ஒற்றை அடுக்குப் பருத்தியோதான் சரிப்படும். உள்ளே பிள்ளைக்கு ஒரு மெல்லிய சட்டை போதும். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்துச் சூடாக இருந்தால் வெளியே எடுங்கள்.

தூசிக்கும் கண்திருஷ்டிக்கும் பயந்து முந்தானையை இழுத்துப் பிள்ளை முகத்தை மூடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. கேரியரில் அதைச் செய்யவே கூடாது. முகம் எந்நேரமும் உங்கள் கண்ணில் பட வேண்டும், மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். திருஷ்டிக்கு வீட்டுக்கு வந்து உப்பு மிளகாய் சுற்றிக்கொள்ளலாம்.

அம்மா அளவுக்கு மட்டும் வாங்குவது

பயணத்தன்று பெரும்பாலான நேரம் சுமக்க வேண்டியது அப்பா. அவர் தோளுக்கும் பட்டை நீள வேண்டும், அப்பத்தா போட்டாலும் சுருங்க வேண்டும். "எனக்கெதுக்கு அது, பொம்பளைங்க சாமான்" என்கிற ஆள் என்றால் கடைக்கே கூட்டிப்போய் மாட்டிவிடுங்கள். பூப்போட்ட துணியைத் தவிர்த்துக் கறுப்போ சாம்பலோ எடுத்தால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

வண்டியில் கேரியரை நம்புவது

இதில் மட்டும் எந்தச் சமரசமும் இல்லை. ஓடும் காரில் கேரியர் பாதுகாப்புச் சாதனம் ஆகாது. பிரேக் அடித்தால் உங்கள் உடம்பு முன்னால் போய்ப் பிள்ளையை நசுக்கும். காரில் பின்சீட்டில், பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடக்கும் இருக்கையை இரவல் வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை, விபத்தில் அடிபட்டதாக இல்லாமல் இருந்தால் போதும்.

பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, நெஞ்சில் கேரியரில் பிள்ளை. காரைக்குடிச் செக்காலை ரோட்டில் தினமும் காணலாம். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதம் முதல் ஹெல்மெட், வேகம் 40 கிலோமீட்டருக்குள் என்று 2023 முதல் விதி இருக்கிறது. கைக்குழந்தைத் தலைக்கு ஹெல்மெட்டே போட முடியாது. ஆட்டோ பிடியுங்கள், அதுவும் மெதுவாகப் போகச் சொல்லி.

விமான நிலையச் சோதனையின்போது பிள்ளையை வெளியே எடுத்துக் கேரியரை எக்ஸ்ரே பெட்டிக்குள் விடச் சொல்வார்கள். விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் பெரும்பாலும் கேரியரைக் கழற்றி, குழந்தைக்கான தனிப் பெல்ட் போடச் சொல்வார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் கழற்றத் தெரிந்திருப்பது திருச்சி - சிங்கப்பூர் விமானத்தில் ரொம்ப உதவும்.

கேரியர் உண்மையில் கைகொடுப்பது ரயிலில். பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலை காரைக்குடியில் கிளம்பி மத்தியானம் சென்னை போய்ச் சேருகிறது. ஏறும்போது இரண்டு கையும் கம்பியைப் பிடிக்கக் கிடைக்கும். ஆனால் அத்தனை நேரமும் பிள்ளையை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கக் கூடாது. பிரசவமான ஆறு வாரம் வரை காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம், சிசேரியன் என்றால் இன்னும் அதிகம். மணிக்கு ஒருமுறை பிள்ளையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அடுத்த பெரிய ஸ்டேஷனிலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையல் சிவந்து நீர் கசிந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ டாக்டரைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம்.

நெஞ்சில் பிள்ளை இருந்தால் சொந்தப் பாதம் கண்ணுக்குத் தெரியாது. நம் வீடுகளில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை கட்டுக்குக் கட்டு உயர்ந்த நிலைப்படி, நடுவில் வழவழவென்று ஆத்தங்குடிக் கல். குன்றக்குடி மலைப்படி ஏறும்போது கைப்பிடியை விடாதீர்கள், இறங்கும்போது பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். கீழே விழுந்த சாவியை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குந்துங்கள். தையல் இன்னும் இழுக்கிறது என்றால் அந்தச் சாவியை வேறு யாராவது எடுக்கட்டும்.