எதுகை என்று நினைத்தது எதுகைதானா?

"வானம் வெளுத்தது, வாசல் விழித்தது." இந்த வரியில் எதுகையைக் காட்டச் சொன்னால் பலரும் 'வெளுத்தது – விழித்தது' என்பார்கள். தவறு. கடைசியில் ஒலிக்கும் '-த்தது' இயைபு. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. இங்கே ஒன்றில் ளகரம், மற்றதில் ழகரம். வரியைத் தூக்கி நிறுத்துவது முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் (இங்கே ஒவ்வொரு சொல்லும் ஒரு சீர்) வரும் 'வா'. முதலெழுத்து இப்படி ஒன்றி வருவது மோனை. முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் வந்தால் அது பொழிப்பு மோனை.

இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். 'பாடம் – மாடம்' எதுகை. 'பாடம் – படம்' எதுகையாகாது. ஒன்று நெடிலில் தொடங்குகிறது, மற்றது குறிலில்.

மோனையில் கண்தான் ஏமாற்றும். 'கடல் – குடம்' இரண்டும் ககர வரிசைதானே என்று தோன்றும். ஆனால் உயிரும் இனமாக இருக்க வேண்டும்: அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம், உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். ஆகவே 'கடல் – காற்று' மோனை, 'குடம் – கொடி' மோனை. 'கடல் – குடம்' சேராது. அதேசமயம் எழுத்தே வேறான 'சங்கு – தங்கம்' மோனையாகும், ஏனென்றால் சகரமும் தகரமும் இனம். ஞ–ந, ம–வ இணைகளும் அப்படியே.

இதையெல்லாம் கற்றவுடன் வரும் தவறு இன்னும் பெரியது. மேலே உள்ள வரியில் 'விழித்தது' என்பதை எடுத்துவிட்டு 'துளிர்த்தது' என்று போட்டால், 'வெளுத்தது' போல இரண்டாம் எழுத்தில் ளகரம் வந்து எதுகை கிடைத்துவிடும். ஆனால் வாசல் எப்படித் துளிர்க்கும்? விழிப்பது பொருந்துகிறது, கதவு இமைபோலத் திறக்கிறது. ஓசைக்காக அந்தப் படத்தை இழப்பது எனக்கு நஷ்டக் கணக்காகவே படுகிறது.

அணிகளில் அடிக்கடி குழம்புவது உவமையும் உருவகமும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமே மலர், உருவகம். சொல்லின் இடம் மாறினால் அணியே மாறிவிடும்.

'நிலா சிரித்தது' என்று எழுதிவிட்டு அதைத் தற்குறிப்பேற்றம் என்பவர்களும் உண்டு. இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொன்னால்தான் அது தற்குறிப்பேற்றம். மதில்மேல் கொடி காற்றில் அசைகிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது அதே அசைவு, 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிப்பதாகிறது சிலப்பதிகாரத்தில்.