வீட்டில் பாட்டு பதிய சாஃப்ட்வேர் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தப்பெல்லாம் நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்

போன மாதம் மும்பை தாராவியின் 90 அடி ரோட்டிலிருந்து ஒரு தம்பி செம்பூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். தமிழில் ராப் எழுதுகிறான், நன்றாகவே எழுதுகிறான். கையில் 8 ஜிபி ரேம் போட்ட பழைய விண்டோஸ் லேப்டாப், காதில் ப்ளூடூத் இயர்பட்ஸ், அப்புறம் மாதாமாதம் சேர்த்து வைத்த 15,000 ரூபாய். "அண்ணே, படத்துக்கு மியூசிக் போடுறவங்க என்ன சாஃப்ட்வேர் வச்சிருக்காங்களோ அதையே வாங்கிரலாம்னு பாக்கேன், அப்பதான சவுண்டு அந்த மாதிரி வரும்?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டேன், அவரும் ஆமாம் என்றார், நானும் வாங்கித் தொலைத்தேன்.

சாஃப்ட்வேருக்கென்று தனியாக ஒரு சவுண்டு கிடையாது. நம்ப முடியவில்லை என்றால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே வேவ் ஃபைலை இலவச சாஃப்ட்வேர் ஒன்றிலும் விலை உயர்ந்த ஒன்றிலும் போடுங்கள், எந்த எஃபெக்டும் சேர்க்காமல், வால்யூமைத் தொடாமல் அப்படியே வெளியே எடுங்கள், பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒன்றின் ஃபேஸை மட்டும், அதாவது ஒலி அலையின் மேல்கீழை, தலைகீழாகத் திருப்பி ஓட்டுங்கள். ஒன்றையொன்று தின்றுவிட்டு நிசப்தம்தான் மிஞ்சும். அப்படியென்றால் விலையில் இருக்கும் வித்தியாசம் எங்கே போகிறது? கூட வரும் வாத்தியங்கள், எஃபெக்டுகள், வேலை செய்யும் வசதி, எத்தனை டிராக் (ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனியாக உட்காரும் வரிசை) போடலாம் என்ற வரம்பு, இவற்றில். பாட்டு எப்படிக் கேட்கிறது என்பதை நிர்ணயிப்பது மைக்கும் அதைவிட அறையும்தான். ஹார்பர் லைன் ரயில் ஜன்னலுக்கு வெளியே போகும்போது எடுத்த டேக்கில், லட்ச ரூபாய் சாஃப்ட்வேரிலும் ரயில் இருக்கும். கணபதி சமயத்தில் பத்து நாள் ரெக்கார்டிங்கையே மறந்துவிட வேண்டியதுதான், அதற்கு எந்தப் பிளக்-இன்னும் (சாஃப்ட்வேருக்குள் செருகும் குட்டி சாஃப்ட்வேர்) கிடையாது.

அடுத்த தப்பு, நாம் செய்யப் போகும் வேலை என்ன என்று கேட்டுக்கொள்ளாமலே சாஃப்ட்வேரின் பெயரைக் கேட்பது. பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை, செய்வது ஒரு வேலை, மைக்கில் குரலைப் பதிவது இன்னொரு வேலை. எல்.எம்.எம்.எஸ். என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, பீட் கட்ட நல்ல கருவி, ஆனால் அதன் 1.2 பதிப்பில் மைக்கிலிருந்து பதியவே முடியாது. இலவசம் என்று இறக்கிவிட்டு ரெக்கார்ட் பட்டன் எங்கே என்று ராத்திரி முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும். எஃப்.எல். ஸ்டுடியோவிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. அதன் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பு பல வருஷமாக ஆடியோ பதியும் வசதி இல்லாமலேதான் விற்கப்பட்டது, குரல் பதிய அடுத்த பதிப்புக்குப் போக வேண்டியிருந்தது. எனவே எதை வாங்கினாலும் அந்தந்தப் பதிப்பில் என்ன உண்டு, என்ன இல்லை என்று காட்டும் அட்டவணையை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். பெயர் ஒன்று, பதிப்பு நாலு, விலையும் நாலு.

ஆடாசிட்டியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 2000-ல் வெளிவந்த, இன்றுவரை காசு கேட்காத சாஃப்ட்வேர், பேச்சு பதிய, பழைய கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்ற, இரைச்சலைக் குறைக்க இதைவிடச் சுலபமானது வேண்டாம். ஆனால் பல வருஷம் அதில் எஃபெக்ட் போட்டால் அந்த ஃபைலிலேயே ஊறிவிடும், பிறகு மனசு மாறினால் பின்னோக்கித்தான் போக வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃபெக்டை ஏற்றி இறக்கும் வசதி 2022-ல் வந்த 3.2 பதிப்பில்தான் சேர்ந்தது. கீபோர்டு வாசித்து, டிரம்ஸ் கட்டி, அதன்மேல் பாடி ஒரு முழுப் பாட்டு செய்ய அது ஏற்றதல்ல.

கச்சேரிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் விழ வேண்டுமென்றால் மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று என்று மைக்கே நாலு ஆகிவிடும். அதற்கு நாலு மைக் செருகும் இன்டர்ஃபேஸ் வேண்டும், மைக்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிதான் அது. சாஃப்ட்வேரை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது, என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். "அண்ணே இந்த சாஃப்ட்வேர் சரியில்ல, பாடினா குரல் பின்னாடி கேக்குது." உடனே வேறொன்றை இறக்குவார்கள், அதிலும் அப்படியே, மூன்றாவது ஒன்று, அதிலும் அப்படியே. இந்தத் தாமதத்துக்குப் பெயர் லேட்டன்சி. மைக்கில் நுழையும் ஒலியை கம்ப்யூட்டர் துண்டு துண்டாக வாங்கித்தான் வேலை செய்கிறது, அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளி) என்ற வேகத்தில் பஃபர் 128 சாம்பிள் என்று வைத்தால் ஒரு துண்டுக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட், 1024 என்று வைத்தால் 23 மில்லிசெகண்ட். உள்ளே வருவதற்கு ஒரு தடவை, வெளியே போவதற்கு ஒரு தடவை, ஆக இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கொஞ்சம். ஆகவே பாடும்போது பஃபரைக் குறைக்க வேண்டும், மிக்சிங் செய்யும்போது, அதாவது பதிந்த டிராக்குகளைச் சேர்த்துச் சரிசெய்யும்போது, கூட்ட வேண்டும், இதைச் செய்யாமல் சாஃப்ட்வேரைத் திட்டுவது வண்டியை இரண்டாவது கியரிலேயே ஓட்டிவிட்டு இன்ஜினைக் குறை சொல்வதுபோலத்தான்.

விண்டோஸில் இன்னொரு விஷயம் இருக்கிறது, ஏசியோ டிரைவர். ஸ்டெயின்பெர்க் நிறுவனம் கொண்டுவந்தது, இன்டர்ஃபேஸுக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் விண்டோஸ் செய்யும் தாமதத்தைத் தாண்டிப் போக உதவுவது. இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதன் கம்பெனியே கொடுக்கும் ஏசியோ டிரைவரைப் போடுங்கள். இல்லாதவர்களுக்கு ஏசியோ4ஆல் என்று இலவசமாக ஒன்று கிடைக்கிறது, ஒப்பேற்றிவிடலாம். லாமிங்டன் ரோட்டில் செகண்ட் ஹேண்டில் மலிவாக இன்டர்ஃபேஸ் பார்த்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஃபயர்வயர் என்ற பழைய வகை சாக்கெட் மட்டும் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், இன்றைய லேப்டாப்பில் அதைச் செருக இடமே இருக்காது. யு.எஸ்.பி. என்றாலும் உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று கடையில் நின்றபடியே போனில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த ப்ளூடூத் இயர்பட்ஸ். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓடும் பாட்டில் ஒரு அடிக்கு 500 மில்லிசெகண்ட், அதில் கால் பங்கு 125. ப்ளூடூத்தில் சாதாரணமாகவே 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் உண்டு. ராப் பாடுகிறவனுக்குக் கால் அடி தள்ளி பீட் கேட்டால் அவன் எங்கே போய் நிற்பான்? ஒயர் வைத்த ஹெட்போன் வாங்கு என்றேன் தம்பியிடம், அவனுக்கு அது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் என்ற பாட்டு சாஃப்ட்வேர் கூடவே வந்துவிடுகிறது, அதில் செய்ததை அப்படியே ஆப்பிளின் பெரிய சாஃப்ட்வேரான லாஜிக்கில் திறந்து தொடரலாம், அவர்கள் இந்தக் கட்டுரையைப் பாதியிலேயே மூடிவிட்டுப் பாடப் போகலாம். லாஜிக் விண்டோஸில் ஓடாது, அதற்காக மேக் வாங்கக் கடன் வாங்காதீர்கள்.

"இலவசம்" என்ற சொல்லுக்குள்ளும் பல வகை இருக்கிறது. ஆடாசிட்டி முழுக்க இலவசம். ப்ரோ டூல்ஸ் என்ற சாஃப்ட்வேரின் இன்ட்ரோ பதிப்பும் இலவசம்தான், ஆனால் ஆடியோ டிராக் 8 மட்டும். ராப்பில் முதன்மைக் குரல், அதையே மறுபடி பாடிய டபுள் இரண்டு, நடுவில் கத்தும் ஆட்லிப் இரண்டு, ஹுக்குக்கு மூன்று என்று போட்டால் எட்டும் முடிந்தது, பீட்டை எங்கே வைப்பது? இன்டர்ஃபேஸ் வாங்கும்போது கூடவே வரும் லைட் பதிப்புகளிலும் இப்படி ஒரு எண்ணிக்கை வரம்பு இருக்கும். எஃப்.எல். ஸ்டுடியோவின் இலவச டிரயலில் எல்லாம் செய்யலாம், பாட்டை வெளியே எடுக்கலாம், சேவ்கூடச் செய்யலாம், ஆனால் சேவ் செய்ததைக் காசு கட்டும்வரை மறுபடி திறக்க முடியாது. இது தெரிந்து உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை, தெரியாமல் உட்கார்ந்தால் அன்றைய ராத்திரி வீண். ரீப்பர் வேறு மாதிரி: 60 நாள் எதுவுமே பூட்டாமல் முழுசாகத் தருகிறார்கள், பிடித்திருந்தால் 60 டாலர். சொந்தமாக வைத்துக்கொள்கிறவர்களுக்கும், அதில் தொழில் செய்து வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதிக்காதவர்களுக்கும் அந்த விலை, மேலே போனால் 225. வின்ஆம்ப் செய்தாரே ஜஸ்டின் ஃப்ராங்கெல், அவர் செய்ததுதான் இதுவும். பழைய லேப்டாப்பிலும் மூச்சு வாங்காமல் ஓடும், ஆனால் கூட வாத்தியங்கள் அதிகம் தரமாட்டார்கள், முகமும் அவ்வளவு அழகில்லை. என் கணக்கில் நம்மூர் பர்சுக்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. இதைப் பேசாமல் போக முடியாது. நானும் போட்டேன், ஒரு கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்க்கு எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்றார், அதைக் கேட்டபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் தெரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டன, எதுவும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. இரண்டு வருஷப் பாட்டு. நல்லது கெட்டது என்று பிரசங்கம் செய்ய வரவில்லை, ஃபைல் போய்விடும் என்றுதான் சொல்கிறேன்.

சந்தா கட்டும் சாஃப்ட்வேரில் மாதக் கட்டணம் சின்னதாகத் தெரியும், மூன்று வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், நிறுத்தினால் உங்கள் பாட்டைத் திறக்க முடியுமா என்றும் பாருங்கள். டாலரில் கட்டும்போது வங்கி மாற்றுக் கட்டணம் தனி, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருந்தால் பணமே போகாது, வங்கி ஆப்பில் திறந்துவிட வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி கடுமையாகிவிட்டதால் சில வெளிநாட்டுச் சந்தாக்கள் நடுவில் நின்றுபோவதும் உண்டு. ஒரே முறை கட்டி முடிப்பது நமக்குத் தோது.

மாட்டுங்காவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு மாமிக்கு நான் அமைத்துக் கொடுத்தபோது வந்த சிக்கல் வேறு. ஐபோன் கராஜ்பேண்டில் தாளம் 4/4, 3/4, 6/8 என்று மூன்றுதான், அவர் பாட இருந்தது மிஸ்ர சாபு, ஏழு. மெட்ரோனோமை அணைத்துவிட்டு, தம்புராவைத் தனி டிராக்கில் ஓடவிட்டுப் பாடச் சொன்னேன், வேலை முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே அவருடைய மாணவி ஒருத்தி சுருதி திருத்தும் பிளக்-இன்னைப் போட்டிருந்தாள். தோடியின் காந்தாரம் ஆட வேண்டிய ஆட்டத்தை அது தப்பு என்று நினைத்து நேராக நிறுத்திவைத்தது. மாமி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "யாரு பாடறா இது?" என்றார். கர்நாடக சங்கீதம் பதிகிறவர்கள் சாஃப்ட்வேரில் இது தானாக ஓடுகிறதா என்று பார்த்து முதலில் அணையுங்கள்.

பிளக்-இன் இறக்கும்போதும் ஒரு விஷயம். லாஜிக் ஏ.யூ. வகையை மட்டும் எடுக்கும், ப்ரோ டூல்ஸ் ஏ.ஏ.எக்ஸ். மட்டும், மற்றவற்றில் பெரும்பாலும் வி.எஸ்.டி. சாஃப்ட்வேர் மாறினால் வாங்கிய பிளக்-இன் கூட வருமா என்று முன்கூட்டியே பாருங்கள். அதைவிட, முதல் வருஷம் எதுவும் வாங்காதீர்கள்.

கடைசியாக, எந்த சாஃப்ட்வேரும் நிரந்தரம் இல்லை. கேக்வாக் சோனார் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 2017 நவம்பரில் அதன் கம்பெனியான கிப்சன் நிறுத்தியபோது காசு கொடுத்து வாங்கியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள், 2018-ல் பேண்ட்லேப் என்ற கம்பெனி அதை எடுத்து இலவசமாகவே கொடுத்தது. எப்படியும் திரும்பலாம் என்பதால், ஒரு பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும் வேவ் ஃபைலாக வெளியே எடுத்து, வேகத்தையும் சுருதியையும் ஃபைல் பெயரிலேயே எழுதி, வேறொரு டிஸ்கில் வையுங்கள். 24 பிட், 48,000 சாம்பிளில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 9 எம்பி கூட வராது. எந்த ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனாலும் திறக்கும்.

தம்பி ரீப்பர் போட்டான், ஒயர் ஹெட்போனும் ஒற்றை மைக் இன்டர்ஃபேஸும் வாங்கினான், மிச்சப் பணத்தில் அம்மாவிடம் இரண்டு கனமான போர்வை கேட்டு வாங்கி ஜன்னலில் தொங்கவிட்டான், இல்லை, போர்வைக்குப் பணம் கொடுக்கவில்லை. 60 நாளில் இன்னும் முப்பது சொச்சம் பாக்கி. மூன்று பாட்டு முடித்திருக்கிறான். மூன்றாவதில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ஒன்று விழுந்திருக்கிறது, அடியோடு சரியாக உட்கார்ந்துவிட்டதால் எடுக்கவில்லையாம்.