உங்க தொகுதி மேப்பை எப்படி படிக்கறது, கோர்ட் மறுபடி வரையச் சொன்னா நீங்க என்ன பண்ணலாம்

அமெரிக்கால 10 வருஷத்துக்கு ஒரு தடவை சென்சஸ் முடிஞ்சதும் தொகுதிகளுக்கு புதுசா கோடு போடுவாங்க, நிறைய மாநிலத்துல அந்த கோட்டை போடறது மாநில சட்டசபையேதான், அதாவது அந்த கோட்டால ஜெயிக்கப் போறவங்களே பென்சிலை கையில வச்சிருக்காங்க. 2025ல டெக்சாஸ் அடுத்த சென்சஸ் வரைக்கும் காத்திருக்காம நடுவுலயே காங்கிரஸ் (அமெரிக்க பார்லிமெண்ட்) தொகுதி மேப்பை மாத்துச்சு, பதிலுக்கு கலிஃபோர்னியா நவம்பர்ல மக்கள் ஓட்டெடுப்பு வச்சு தன்னோடதை மாத்துச்சு. அங்க ஓட்டு போடற நம்மாளுங்க எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும். இன்னும் சிட்டிசன் ஆகலைன்னாலும் படிங்க, சென்சஸ் கணக்குல நீங்களும் ஒரு தலைதான்.

முதல் விஷயம், வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. 1812ல மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்து போட்ட மேப்ல ஒரு தொகுதி சாலமாண்டர்ங்கற பல்லி மாதிரி பிராணியாட்டம் வளைஞ்சு கிடந்துச்சு, தங்களுக்கு சாதகமா கோடு போடறதுக்கு ஜெரிமாண்டரிங்னு பேர் வந்ததே அதுலதான், அதனால எல்லாரும் இன்னிக்கும் கோணல்மாணலா இருக்கான்னுதான் பார்க்கறாங்க. ஆனா பார்க்க ரொம்ப அழகா, கட்டம் கட்டமா இருக்கற மேப்லயும் ஒரு சமூகத்தோட ஓட்டை மொத்தமா செல்லாக்காசு ஆக்கிடலாம்.

எப்படின்னா, 50 பேர், 5 தொகுதி, தொகுதிக்கு 10 பேர்னு வச்சுக்கோங்க, அந்த 50ல 20 பேர் சிறுபான்மை. ஒவ்வொரு தொகுதியிலயும் 4 பேரா பிரிச்சுப் போட்டா அவங்க ஒரு இடத்துல கூட ஜெயிக்க முடியாது, இதுக்குப் பேர் கிராக்கிங். 9 பேரை ஒரே தொகுதியில அடைச்சு மீதி 11 பேரை நாலு தொகுதியில தூவிட்டா ஒரே ஒரு இடம் கிடைக்கும், இது பேக்கிங். ரெண்டு தொகுதியில 6 பேர் 6 பேரா வர்ற மாதிரி வரைஞ்சா ரெண்டு இடம். ஆளுங்க மாறல, ஓட்டு மாறல, கோடு மட்டும்தான் மாறுச்சு. மேப்பை பார்க்கும்போது உங்க சமூகம் மாநிலத்துல எத்தனை சதவீதம், அவங்க விரும்பற ஆள் ஜெயிக்கக்கூடிய தொகுதி எத்தனை, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, இடைவெளி பெருசா இருந்தா அங்கருந்து தோண்ட ஆரம்பிக்கலாம்.

தோண்டறதுக்கு காசு செலவு பண்ண வேண்டாம். டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங்னு ஒரு ஃப்ரீ ஆப் இருக்கு, ப்ரவுசர்லயே ஓடும், சென்சஸ் டேட்டாவும் பழைய எலெக்‌ஷன் ரிசல்ட்டும் அதுலயே இருக்கு. உங்க மாநிலத்தோட இப்போதைய மேப்பை திறந்து, மொத்த ஜனத்தொகையை விட்டுட்டு 18 வயசுக்கு மேல இருக்கறவங்க எண்ணிக்கையை பாருங்க. ஜெயில் இருக்கற ஊரா இருந்தா இன்னும் கவனமா பாருங்க, கைதிகளை சென்சஸ் ஜெயில் அட்ரஸ்லதான் எண்ணும், பெரும்பாலான மாநிலத்துல அவங்களுக்கு ஓட்டும் கிடையாது. அப்புறம் நீங்களே வேற மாதிரி ஒரு மேப் வரைஞ்சு பாருங்க, இதை தள்ளிப் போடாதீங்க, "இதைவிட நல்லா வரைய முடியும்"னு காட்டற மேப்தான் கோர்ட்ல பேசும்.

அடுத்து எந்த கதவை தட்டறதுன்னு பார்க்கணும், தப்பான கதவை தட்டினா வருஷக்கணக்குல போயிடும். கட்சிக்காக வரைஞ்ச மேப்னா ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்டுக்கு போகாதீங்க, 2019ல ரூச்சோ வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த கதவை மூடிடுச்சு, மாநில அரசியல் சட்டத்தை வச்சு மாநில கோர்ட்டுக்குதான் போகணும். பென்சில்வேனியால அப்படித்தான் நடந்துச்சு. 18 இடத்துல 13 இடம் ஒரே கட்சிக்கு மூணு எலெக்‌ஷனா போயிட்டே இருந்துச்சு, 2018ல மாநில சுப்ரீம் கோர்ட் தானே புது மேப் போட்டதும் அந்த வருஷம் 9க்கு 9 ஆச்சு.

சிறுபான்மை ஓட்டை நீர்த்துப் போக வைக்கற மேப்னா 1965 ஓட்டுரிமை சட்டத்தோட பிரிவு 2. 1986ல ஜிங்கிள்ஸ் தீர்ப்பு மூணு விஷயம் நிரூபிக்கணும்னு சொல்லுச்சு, ஒரு தொகுதியில பாதிக்கு மேல வர்ற அளவுக்கு உங்க ஆளுங்க பக்கம் பக்கமா இருக்கணும், பெரும்பாலும் ஒரே மாதிரி ஓட்டு போடணும், பெரும்பான்மை வெள்ளையர் சேர்ந்து போடற ஓட்டால உங்க வேட்பாளர் வழக்கமா தோக்கணும். இந்த பிரிவை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம்ங்கறதே லூசியானா வழக்குல 2025 அக்டோபர்ல ரெண்டாவது தடவையா சுப்ரீம் கோர்ட்ல வாதத்துக்கு வந்துச்சு, அதனால கடைசியா வந்த தீர்ப்பு என்னன்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க.

அலபாமா கதையை ஒரு தடவை முழுசா தெரிஞ்சுக்கோங்க. 7 தொகுதி, ஜனத்தொகைல கால்வாசிக்கு மேல கருப்பின மக்கள், ஆனா அவங்க பெரும்பான்மையா இருந்தது ஒரே தொகுதிலதான். 2022 ஜனவரில மூணு ஜட்ஜ் இது தப்புன்னு சொன்னாங்க, ஆனா சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வச்சதால அந்த வருஷ எலெக்‌ஷன் அதே மேப்லதான் நடந்துச்சு. 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டே 5க்கு 4னு கருப்பின வாக்காளர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அதுக்கப்புறமும் சட்டசபை ரெண்டாவதா ஒரு தொகுதியில கருப்பின மக்கள் சுமார் 40 சதவீதம் மட்டும் வர்ற மாதிரி ஒரு மேப் போட்டு அனுப்புச்சு, சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கப்புறமும் இப்படி பண்ணாங்கன்னு நினைச்சா இப்பவும் கோவம் வருது. கோர்ட் அதை தூக்கிப் போட்டுட்டு ஸ்பெஷல் மாஸ்டரை (மேப் வரைய கோர்ட் வைக்கற வெளி நிபுணர்) நியமிச்சு அவர் வரைஞ்சதுல ஒண்ணை எடுத்துக்கிச்சு, 2024ல அந்த தொகுதியில ஷோமாரி ஃபிகர்ஸ் ஜெயிச்சார். ஜெயிச்ச வழக்குலயே நடுவுல ஒரு எலெக்‌ஷன் போயிடுச்சு பாருங்க, அதனால மேப் கையெழுத்தான வாரமே வேலையை ஆரம்பிச்சிடுங்க.

கோர்ட் மறுபடி வரையச் சொன்னதும் சட்டசபைக்கு சில வாரம்தான் டைம் குடுக்கும், அப்போ மக்கள் கருத்து கேக்கற ஹியரிங் தேதியை கண்ணுல எண்ணெய் விட்டுட்டு பாருங்க. ஸ்பெஷல் மாஸ்டர் வந்துட்டா வெளியாளுங்களும் மேப்போ கருத்தோ அனுப்பலாமான்னு கோர்ட் உத்தரவுல இருக்கும், கடைசி தேதியும் அதுலயே இருக்கும்.

இந்தியர்கள், தமிழர்கள் மாதிரி சின்ன சமூகத்துக்கு ஒரு தொகுதியில பாதி வர்றது ரொம்ப கஷ்டம், அதனால பிரிவு 2 அநேகமா கை குடுக்காது. நமக்கு வழி, "எங்களை ஒண்ணா வைங்க"ன்னு கேக்கறதுதான், நிறைய மாநிலத்துல ஒரே மாதிரி தேவை இருக்கற அக்கம்பக்கத்தை பிரிக்காம வைக்கணும்னு விதியே இருக்கு. ஹியரிங்குக்கு போய் "எங்களுக்கு அநியாயம் நடக்குது"ன்னு மட்டும் சொன்னா யாரும் எழுதிக்க மாட்டாங்க. எந்த ரோட்டுல ஆரம்பிச்சு எந்த ரோட்டுல முடியுதுன்னு சொல்லுங்க, பசங்க எந்த ஸ்கூல், எந்த பஸ், எந்த மொழில ஓட்டுச்சீட்டு உதவி வேணும், இப்போதைய கோடு எந்த தெருவுல நம்மளை வெட்டுது, இதெல்லாம் சொல்லுங்க. சில நிமிஷம்தான் குடுப்பாங்க, அதனால எழுதிட்டு போங்க, அந்த பேப்பரையே கூட குடுத்துட்டு வாங்க, பதிவுல ஏறினாத்தான் நாளைக்கு வழக்குல யாராவது அதை எடுத்துக் காட்ட முடியும். இனத்தை மட்டும் வச்சு வரையச் சொல்லாதீங்க, 1993ல நார்த் கரோலினா வழக்குக்கு அப்புறம் இனமே முக்கிய காரணமா இருக்கற மேப்பும் கோர்ட்ல மாட்டிக்குது.

புது மேப் வந்ததும் உங்க அட்ரஸை போட்டு பாருங்க, தொகுதி நம்பரும் ஓட்டுச்சாவடியும் ரெண்டுமே மாறியிருக்கலாம், பக்கத்து வீட்டு பெரியவங்களுக்கும் பார்த்து சொல்லிடுங்க.