பெட்டி டிவி வாங்கப் போகிறவருக்கு

போன ஞாயிறு காலை பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஓர் இளைஞர் 29 அங்குல டிவிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். பழைய கேம் விளையாடத்தான். "தட்டைத் திரை, அண்ணே. விலையும் குறைவு" என்றார். சட்டத்தின் ஓரத்தில் பாதி உரிந்த ஸ்டிக்கர்: 100 ஹெர்ட்ஸ். பார்த்ததுமே எனக்கு முதுகு வலித்தது.

2019 அக்டோபரில் அனலாக் ஒளிபரப்பு அடியோடு நின்றபோது பினாங்கில் இந்தப் பெட்டிகள் தெருவோரத்துக்கு வந்தன. அன்றுமுதல் சேர்த்து வருகிறேன். மஞ்சள் கம்பியை வெள்ளைத் துளையில் செருகுவது போன்ற சில்லறைத் தவறுகளை நீங்களே செய்து நீங்களே திருத்திக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது அவற்றைவிடப் பெரிய தவறுகளை.

100 ஹெர்ட்ஸ் பெட்டி

பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டிலிருந்து 29 அங்குலப் பெட்டி ஒன்றை வாடகை லோரியில் ஏற்றிப் பாலம் கடந்து கொண்டுவந்தேன். எங்கள் குடியிருப்பில் மின்தூக்கி கிடையாது. வீடு நான்காவது மாடி. நானும் மச்சானும் படிக்கட்டுத் திருப்பம் ஒவ்வொன்றிலும் இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம். அன்றிரவு படம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் மாரியோ பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தான். பொத்தானை அழுத்தினால் இமைக்கும் நேரம் கழித்துத்தான் தாவினான். கன்ட்ரோலரைக் கழற்றித் துடைத்தேன். புதிதாக ஒன்று வாங்கினேன். கடைசியில் என் வயதின் மேல் பழி போட்டேன். அம்மாவின் சமையலறையில் கிடந்த 14 அங்குலப் பெட்டியில் மாட்டிய பிறகுதான் விளங்கியது. விரல் பட்டதும் தாவினான்.

மலேசியாவில் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் திரை நொடிக்கு 50 முறை வரையப்படும். பெரிய திரையில் அது கண்ணுக்கு மினுங்கும். அதைப் போக்கத்தான் விலை உயர்ந்த பெட்டிகள் வந்த படத்தை டிஜிட்டலாக மாற்றி, நினைவகத்தில் வைத்து, இரண்டிரண்டு முறை வரைந்தன. செய்தி பார்க்கிறவருக்கு அது வரம். விளையாடுகிறவருக்கு நினைவகத்தில் தங்கும் அந்த நேரம்தான் வினை. சாதாரணப் பெட்டியில் சிக்னல் வர வர எலக்ட்ரான் கற்றை அதை வரிவரியாகத் திரையில் எழுதிவிடும். நடுவில் எங்கும் தங்காது.

ஒளித்துப்பாக்கியோ வெறும் பொம்மையாகிவிடும். வாத்து சுடும் விளையாட்டில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தை அந்த நேரத்திலேயே தேடும். படம் பிந்தி வந்தால் அதற்குக் கிடைப்பது இருட்டுதான்.

ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அது உரிந்தும் போயிருக்கலாம். விற்பவர் முகம் சுளித்தாலும் கேம் கருவியைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே மாட்டி, பத்து முறை தாவிப் பாருங்கள்.

ஜப்பான் அடாப்டர்

நின்டெண்டோ ஜப்பானில் விற்ற கேம் கருவிகளான ஃபமிக்காம், சூப்பர் ஃபமிக்காமின் அடாப்டர்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் சுவரில் வருவது 230. பயண பிளக் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை அல்ல. ஒரு தீபாவளி விடுமுறையில் எங்கள் வீட்டில் முறுக்கு வாசனையையும் மீறி வேறொரு வாசனை வந்தது.

ஆன்டெனா கம்பி

1983இன் ஃபமிக்காமுக்கு ஆன்டெனா வழி மட்டும்தான். அதுவும் ஜப்பானின் 1, 2ஆம் அலைவரிசைகளில். நம் பெட்டிகள் பல அங்கே தேடுவதே இல்லை. படம் வரவில்லை என்று நல்ல கருவியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படம்

பெட்டி கெடவில்லை. ஜப்பான் கருவிகள் அனுப்புவது பால் அல்ல, என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. டிவி மெனுவில் வண்ண முறையை அதற்கு மாற்றுங்கள். அப்படியொரு தேர்வே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பின்மூடி

திறக்காதீர்கள். ஓடும்போது படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் அதில் தேங்கி நிற்கும்.

ஒலிபெருக்கி

தள்ளி வையுங்கள். அதன் காந்தத்தால் திரை மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை விழும். விழுந்துவிட்டால் டிவியின் மெயின் சுவிட்சை அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் சுருள் பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

தூக்குவது

திரை நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும். பாரமெல்லாம் முன்கண்ணாடியில்தான்.

இவ்வளவையும் சந்தையில் நின்றபடியே அந்த இளைஞரிடம் சொன்னேன். "அந்தப் பெட்டியை என்ன செய்தீர்கள், அண்ணே?" என்று கேட்டார். நான்காவது மாடியில்தான் இருக்கிறது. இறக்க வேண்டும் என்று பேச்செடுத்ததிலிருந்து மச்சான் என் போனை எடுப்பதில்லை.